கல்லில் யார் பேரும் வேண்டாம்

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். மேல் தொட்டி நிரம்புவதற்குள் டிகாக்‌ஷன் இறங்கியிருந்தது. சிறுசேரியில் எங்கள் அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. அதனால் பருப்பு டப்பாக்களை இறக்கித் துடைப்பது சனிக்கிழமை வேலை. அதை முடித்துவிட்டு, என்னோடு இருக்கும் சித்திக்கு இட்லி வைத்தேன். அம்மாவின் தங்கை. வயது எழுபத்திரண்டு.

சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர். 1971 போரில் மேற்கு எல்லையில் காணாமல் போனார். உடல் வரவில்லை. இறந்ததாகக் கருதுகிறோம் என்று கடிதம் வந்தது, பிறகு பென்ஷன் வந்தது. சித்தி அவர் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. மாட்டினால் மாலை போடவேண்டும், மாலை போட்டால் அவர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். படம் பீரோவுக்குள் இருக்கிறது. சித்தியின் நெற்றியில் பொட்டும் அப்படியே இருக்கிறது.

அஸ்தினாபுரத்தில் எங்கள் காலனிப் பூங்காவில், வரும் சுதந்திர தினத்தன்று அடையாளம் தெரியாத வீரருக்கு ஒரு நினைவுக் கல் வைக்கலாம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னவள் நான்தான். பல தேசங்களில் பேர் தெரியாத ஒரு வீரரைப் போர்க்களத்திலிருந்து எடுத்துவந்து தலைநகரில் அடக்கம் செய்திருக்கிறார்கள். உடல் கிடைக்காத எந்த வீட்டாரும் அங்கே போய் நின்று, இது எங்கள் பிள்ளையாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளலாம். நம் பூங்காவில் அடக்கம் ஏதும் இல்லை, ஒரு கல் மட்டும்தான். ஆனாலும் விஷயம் அதுதான்.

சித்தியிடம் இதைச் சொன்னபோது, "யார் பேரும் இருக்காதா?" என்று கேட்டார்.

"இருக்காது சித்தி."

"அப்ப நானும் வரேன். ஒரு பூ வச்சுட்டு வந்துடறேன்."

இத்தனை வருஷத்தில் சித்தப்பாவுக்காக அவர் எங்குமே ஒரு பூ வைத்ததில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குச் சங்க அறையில் கூட்டம். பொருளாளர் கல்லுக்கான மாதிரித் தாளை விரித்தார். மேலே தேசியக் கொடி. அதன் கீழே 'அடையாளம் தெரியாத வீரருக்கு'. அதற்கும் கீழே 'உபயம்' என்று போட்டுப் பதினான்கு பேர்கள், படித்த பட்டங்களோடு. தலைவர் பேர் மட்டும் பெரிய எழுத்தில்.

"வீரரைத் தவிர எல்லார் பேரும் இருக்கு சார்," என்றேன்.

"டியூப்லைட்டுக்கே பேர் போடறோம் மேடம். லைட்டே மறையற அளவுக்குப் போடறோம்," என்றார் பொருளாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கருங்கல்லைத் தருவதாகச் சொல்லியிருந்த கட்டட கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. "நான் கல்லு குடுக்கறதே எங்கப்பா பேருக்குத்தாம்மா. அவர் கட்டின வீட்டையும் வித்தாச்சு. அவர் பேர் எங்கயுமே இல்ல."

அவர் சொன்னதில் தவறு இல்லை. பூங்காவில் புதிதாக ஒரு பெஞ்ச் போட்டு, அதில் அவர் அப்பா பேரைப் போடலாம் என்றேன்.

"பெஞ்ச்சுல உக்காருவாங்கம்மா. எங்கப்பா மேலயா?"

தலைவர் சமாதானம் பண்ண வந்தார். "ஒண்ணு பண்ணுவோம். உங்க சித்தப்பா பேரை மேல போட்டுருவோம். நம்ம காலனிக்கே பெருமை. உபயம் கீழ பொடி எழுத்துல இருந்துட்டுப் போகட்டும். சரியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் ஒரு கணம் அது நியாயமாகப் பட்டது. சித்தியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். பக்கத்துத் தெருதான்.

சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டதும் கை நின்றது.

"பென்ஷனுக்காக அவர் செத்துட்டார்னு ஒரு தடவ கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேற வழி இல்ல. இப்ப கல்லுல வேற போடணுமா? பேர் போட்டா நான் வரல. போய்ச் சொல்லிடு." பிறகு கீரையைத் தொடர்ந்தார்.

திரும்பிப் போனபோது போண்டா வந்திருந்தது. உட்காராமல் சொன்னேன். "சித்தப்பா பேர் வேண்டாம். யார் பேரும் வேண்டாம். பேர் இருந்தா அது அந்தப் பேருக்காரங்க கல்லு. பேர் இல்லைன்னாதான் வீட்டுக்கு வந்து சேராதவங்களோடது."

"அப்ப என் கல்ல விட்டுருங்கம்மா," என்றார் கான்ட்ராக்டர். கோபமாகச் சொல்லவில்லை.

"வியாழக்கிழமை ஃபங்ஷன் மேடம். கல்லுக்கு எங்க போவீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"நான் கொண்டுவரேன் சார். கல்லு நிக்கற மேடையை மட்டும் கட்டி வைக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை மோட்டார் போடுவதற்கும் முன்னால், முதல் வேலையாக, வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்குத் தாம்பரத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறைக்குப் போனேன். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், ஞாயித்துக்கெழம காலங்காத்தால?"

விவரம் சொன்னேன். சமையல் மேடைக்கு அறுத்து மிச்சமான ஒரு கறுப்புத் துண்டைக் காட்டினார். மூன்றடி உயரம் இருந்தது. ஒரு விளிம்பு மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது. போதும் என்றேன்.

"மூணே வார்த்தையா? கல்லு வெக்கிறவங்க பேரு?"

"வேணாம்."

"அடில எங்க பட்டற பேராவது சின்னதா…"

"அதுவும் வேணாம் அண்ணா."

அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து கல்லைப் படுக்கவைத்தார். சாக்பீஸால் மூன்று வார்த்தைகளுக்கும் கோடு போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.