கேபிள் இல்லாமல் திறந்த பக்கம்

எங்கள் பேக்கிங் ஹாலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அனுப்பர்பாளையம் பக்கம் பனியன் ஏற்றுமதி செய்யும் நடுத்தரமான கம்பெனி அது. காலையில் கேட்டில் செக்யூரிட்டி அம்மாவிடம் போனைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார். ஆறு மணிக்கு டோக்கனை நீட்டினால் போன் கைக்கு வரும். எப்போதோ ஒருமுறை, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருடைய புது டிசைனை யாரோ போட்டோ எடுத்து வெளியே அனுப்பி, கப்பல் ஏறுவதற்கு முன்பே அதே சட்டை உள்ளூர்க் கடையில் தொங்கியதாம். பார்த்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கதைக்குப் பயந்துதான் எங்கள் எல்லோருடைய போனும் மரப்பெட்டியில் தூங்கியது.

அதே பயத்தில் என் கம்ப்யூட்டருக்கும் நெட் கிடையாது. பேக்கிங் மேனேஜர் நெட் கேபிளைத் தன் கையாலேயே கழற்றிச் சுருட்டித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார். பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்க நெட் எதற்கு என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான்.

நான் அதற்கு முன் செக்கிங் டேபிளில் நின்று நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். பி.காம். படித்திருக்கிறேன் என்று யார் மூலமாகவோ தெரிந்து, ஒரு நாள் கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். உட்கார நாற்காலி கிடைத்ததே பெரிய சந்தோஷம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் நான் காலேஜில் பார்த்த ஜாதி இல்லை. கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருக்கும். என்ன வேண்டுமோ அதை எழுத்தில் அடித்தால்தான் அசையும். ஓர் எழுத்து தப்பினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோயமுத்தூரிலிருந்து வந்து அதை அமைத்துக் கொடுத்தவர், காசில்லாமல் கிடைக்கும் சாஃப்ட்வேரின் பெருமையை ஒரு மணி நேரம் பேசினார். வேலையைப் பதினைந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

போகும்போது ஒன்று சொன்னார். "சந்தேகம் வந்தா ஹெல்ப்னு அடிச்சு என்டர் தட்டுங்க. என்னையக் கேக்கறதவிட அது நல்லாச் சொல்லும்."

முதல் வாரமே சந்தேகம் வந்தது. ஹெல்ப் என்று அடித்து என்டர் தட்டினேன். கறுப்புத் திரைக்கு மேல் வெள்ளையாக பிரவுசர் திறந்துகொண்டு, பக்கம் பக்கமாக இங்கிலீஷ் வந்து நின்றது. பிரவுசர் என்றால் நெட். நெட் என்றால் தடை. யாரும் பார்ப்பதற்குள் மூடிவிட்டேன்.

ஆனால் ஆசை விடவில்லை. மானிட்டரைச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி திறந்தேன். மறுநாளும் திறந்தேன். ஹெல்ப் என்று அடித்து, இடைவெளி விட்டு, எந்தக் கட்டளை புரியவில்லையோ அதன் பெயரையும் அடித்தால் நேராக அந்தப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும் என்று கண்டுபிடித்தேன். ஒரு பாராவைப் பத்து தரம் படிப்பேன். புரிந்ததை ஸ்டிக்கர் கழிவுத் தாளில் தமிழில் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி படிப்பேன். நானூறு பெட்டிக்கு நானூறு தரம் நம்பர் அடித்துக்கொண்டிருந்தவள், ஒரே வரி அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பிரிண்டரை வேடிக்கை பார்க்கும் நிலைக்கு வந்தேன்.

"ஏனுங்க அம்மிணி, அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா?" என்று மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கிருந்தோ நெட் வருகிறது, சொன்னால் பிடுங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். படித்த முட்டாள் என்று என்னைச் சொல்லலாம். அந்தப் பக்கங்கள் எங்கிருந்து வருகின்றன என்று அந்தப் பக்கங்களிலேயே தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எட்டு மாதம் ஓடியது. குழந்தைகள் நைட் டிரஸ் ஆர்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பெட்டி நம்பர் எல்லாம் நான்கு இலக்கமாக இருக்க வேண்டும், ஒன்று என்றால் முன்னால் மூன்று பூஜ்யம் வேண்டும் என்று பையர் கடைசி நேரத்தில் சொல்லியிருந்தார். மதியம் மூன்றரை இருக்கும். ஹெல்ப் பக்கத்தைத் திறந்து பூஜ்யம் போடுகிற வித்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். மேனேஜர் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"நெட்டுங்களா அது?"

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். "ஹெல்ப்புனு அடிச்சா வருதுங்க சார். எப்படி வருதுன்னு எனக்குத் தெரியலீங்க."

"கேபிளு எங்கிட்ட இருக்குதுங்க. அப்புறம் எப்படிங்க வரும்?" அவர் கத்துகிற மனிதர் இல்லை. குரலைத் தணித்துத்தான் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "யாரோ உள்ள போன் கொண்டுட்டு வந்திருக்காங்க. அதுல இருந்துதான் வருது."

எங்கள் ஹாலில் வேறு யார் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். செக்யூரிட்டி அம்மாவை வரவழைத்து இருபது பெண்களையும் வரிசையாக நிறுத்தினார்கள். பத்து நிமிடத்தில் போன் கிடைத்துவிட்டது. என் மேஜைக்கு நேர் எதிரே துணி மடித்துப் பாலிபேக்கில் போடும் ஒடிசாப் பெண்ணின் பாலிபேக் கட்டுக்கு அடியில், சத்தம் வராமல் வைத்த, கண்ணாடி கீறிய போன். எட்டு மாதமாக எனக்கு எதிரே நின்றவள். தீதி என்று, அக்கா என்கிற அர்த்தத்தில், என்னைக் கூப்பிடுவாள். அதற்கு மேல் நாங்கள் அதிகம் பேசியதில்லை.

மேனேஜர் என்னிடம் திரும்பினார். "இதுல இருந்துதானுங்களா?"

"அதுலதான் வந்திருக்குமுங்க" என்றேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் என் தலை தப்பித்தது என்ற நிம்மதி முந்திக்கொண்டு பேசிவிட்டது. அதோடு அவள்மேல் கோபமும் வந்தது. இவளால் அல்லவா எனக்கு இந்த அவமானம் என்று. அவள் "பாப்பா, பாப்பா" என்று என்னவோ சொல்ல வந்தாள். எல்லோருக்கும்தான் பாப்பா இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மேனேஜர் அந்தப் போனை அணைத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டினார். நாளையிலிருந்து அவள் வர வேண்டாம், எச்.ஆர். ஆபீசர் அடுத்த யூனிட்டிலிருந்து ஆறு மணிக்கு வருவார், கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். அவளைக் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் மடித்த நைட் டிரஸ்கள் எனக்கு எதிரே பாதியில் கிடந்தன.

பூஜ்யம் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. ஐந்து மணிவரை எனக்குத் தெரிந்ததை எல்லாம் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கை தன் பழக்கத்தில் ஹெல்ப் என்று அடித்து என்டர் தட்டிவிட்டது.

பக்கம் திறந்தது.

அவள் போன் அணைந்து டிராயரில் கிடக்கிறது. கேபிளும் அதே டிராயரில். பக்கம் மட்டும் எப்போதும்போல வெள்ளையாக வந்து நிற்கிறது. முதல்முறையாக பிரவுசரின் மேல்வரியில் இருந்த முகவரியைப் படித்தேன். நெட் முகவரி மாதிரி இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு ஃபோல்டரின் பெயர், அதற்குள் இன்னொன்று, கடைசியில் ஒரு ஃபைல். கறுப்புத் திரையில் அந்த ஃபோல்டரைத் தேடிப் போனேன். நான் எட்டு மாதமாகத் திருடிப் படித்த பக்கங்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. அமைத்துக் கொடுத்தவர் போட்டுவிட்டுப் போனது. பிரவுசர் அதைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நெட் எந்த நாளும் வரவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து மேனேஜர் கேபினுக்குப் போனேன்.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க. உங்க போனையும் இங்கயே வெச்சுட்டு வாங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வந்தார். பிரவுசரை மூடிவிட்டு, அவரையே அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்து என்டர் தட்டினார். பக்கம் திறந்ததும் குனிந்து மேஜைக்கு அடியில் கேபிள் மாட்டுகிற இடத்தைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"உள்ளுக்குள்ளயே இருக்குதுங்களா?"

"ஆமாங்க. புஸ்தகம் மாதிரிங்க. நாந்தான் தெரியாம அந்தப் போன்ல இருந்து வருதுன்னு சொல்லிப்போட்டேன். தப்பு என்னோடதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தாலும் போன் கொண்டுவந்தது தப்புத்தானுங்களே."

"தப்புத்தானுங்க. ஆனா அந்தத் தப்புக்காக நாம தேடலீங்களே சார். நான் ஹெல்ப் அடிச்சதுக்குத் தேடினோம்."

அவர் கேபினுக்குப் போய் டிராயரைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அவள் எங்களைக் கண்டதும் எழுந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவர் போனை நீட்ட, வாங்கிய கையோடு ஆன் செய்தாள். அணைந்திருந்தபோது வந்த அழைப்புகளுக்கான மெசேஜ் ஒவ்வொன்றாக விழுந்தது. விழுந்து முடிவதற்குள் போன் அதிர்ந்தது. அவள் நம்பரைப் பார்த்தாள். எடுக்கவில்லை, கட் செய்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, எடுத்துப் பேசலாமில்ல? புள்ள பயந்திருக்குமல்லோ?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெரிந்த தமிழில் சொன்னாள். "எடுத்தா பாப்பா அழும் தீதி. ஸ்கூல்ல இருந்து நாலு மணி ரூமுக்கு வரும், பக்கத்து ரூம் போன்ல அடிக்கும். நான் கட் பண்ணும். கட் பண்ணா, அம்மா பாத்துச்சுன்னு பாப்பாக்குத் தெரியும். அப்புறம் பாப்பா கதவு பூட்டும், சாப்பிடும். கட் பண்ணலைன்னா வெளியே நிக்கும்."

"நாலு மணியில இருந்து நிக்குதுங்களா?" என்று மேனேஜர் கேட்டார். அவள் போன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் அதை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். முடிவுவரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றேன். அதற்கு அவள் மொழியிலும் எனக்குச் சொல் தெரியவில்லை, என் மொழியிலும் வாய் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"லெட்டரெல்லாம் வேண்டாங்க. எச்.ஆர். கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க இப்பவே ஊட்டுக்குப் போங்க அம்மிணி" என்றார் மேனேஜர். "நாளைக்கு வந்துருங்க. ஆனா போன் உள்ள வரக்கூடாது. கேட்டுல குடுத்துரோணும்."

அவள் தலையை ஆட்டினாள். நாளைக்கு வேலை உண்டு என்பது புரிந்தது. போன் இருக்காது என்பதும் புரிந்தது. தலை ஆடினாலும் கண் போனிலேயே இருந்தது.

மேனேஜர் இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார். செக்யூரிட்டி அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "தினமும் நாலு மணிக்கு இவங்க இங்க வருவாங்க. போனைக் கையில குடுத்துருங்க. கட் பண்ணிட்டு வேலைக்கு வரட்டும்."