பரிவட்டத்துக்கு ஒரு ரசீது

18.5.2019 – ரூ. 500. வாங்கவில்லை.
4.6.2022 – ரூ. 750. வாங்கவில்லை.
26.5.2023 – ரூ. 1,000. வாங்கவில்லை.

இது மாரியம்மன் கோயில் தலைக்கட்டு வரி. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து ரசீது வாங்கினால்தான் அந்தக் குடும்பம் ஊரில் சேர்த்தி. தெற்குத் தெருவில் யாரிடமும் தர்மகர்த்தா அமிர்தலிங்கம் வரி வாங்குவதில்லை. வாங்கச் சொல்லிக் கேட்டவர் நல்லக்கண்ணு ஒருவர்தான்.

நல்லக்கண்ணுவின் அப்பா, தர்மகர்த்தா வீட்டுப் பண்ணையாள். நல்லக்கண்ணு மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருடம் கம்பம் ஏறினார். ஓய்வு பெற்றதும் அந்தப் பண்ணை நிலத்திலேயே ஆறு மா வாங்கிப் பட்டா மாற்றினார். அன்றிலிருந்து அமிர்தலிங்கம் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

31.5.2024 காலை, நாலாவது தடவையாகப் பணத்தை எடுத்துக்கொண்டு, டாக்டர் மகள் செம்மொழியின் வெள்ளைக் காரில் கோயில் வாசலில் இறங்கினார். சலவை வேட்டி, நரைத்த தலை. வேலைக்கு வந்து மூன்றே நாளான குருக்களிடம், "தர்மகர்த்தா வெள்ளைக் கார்ல வருவாரு, வந்ததும் பரிவட்டம் கட்டிடுங்க" என்று கோயில் ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். குருக்கள் அம்மன் பட்டுத் துணியை எடுத்து நல்லக்கண்ணு தலையில் பரிவட்டமாகக் கட்டிவிட்டார்.

"சாமி, நான்..." என்றார் நல்லக்கண்ணு. மேளச் சத்தத்தில் குருக்கள் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை அவர் சொல்லவில்லை.

அமிர்தலிங்கத்தின் கார் வாய்க்கால் கரைச் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை சேற்றோடு நடந்து வந்தார்.

"பெரியவரே, செத்த ஒதுங்கி நில்லுங்கோ. தர்மகர்த்தாவுக்கு மரியாதை நடக்கறது" என்றார் குருக்கள்.

"யோவ், நான்தான்யா தர்மகர்த்தா! இவன் எங்க கொல்லையில கஞ்சி வாங்கிக் குடிச்சவன். அவுத்துடுய்யா அத!"

"கஞ்சி குடிச்சது எங்கப்பா. ஒங்க வீட்டுக்குக் கரண்ட் இழுத்தவன் நான். மரியாதையாப் பேசுங்க" என்றார் நல்லக்கண்ணு.

"பூஜை முடியாம அவிழ்க்கப்படாது" என்று குருக்கள் பின்வாங்கினார்.

நல்லக்கண்ணு அமிர்தலிங்கத்தின் முன்னால் தலையைக் குனிந்து காட்டினார். "நீங்களே அவுத்துக்குங்க. இல்ல, ஒங்க ஆளுங்க யாராச்சும் வரட்டும். என்னைத் தொடணும், அவ்வளவுதான்."

ஒருவரும் நகரவில்லை. பூஜை முடிந்தது. நல்லக்கண்ணு பட்டோடு வீட்டுக்குப் போனார்.

அது தலைமுறைப் பட்டு. அதில்லாமல் அடுத்த வருடத் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட முடியாது. திருட்டு வழக்குப் போடுவதாக அமிர்தலிங்கத்திடமிருந்து வக்கீல் கடிதம் இரண்டு வந்தன. இரண்டுக்கும் நல்லக்கண்ணுவின் பதில் ஒன்றே: வரியை வாங்கிக்கொண்டு என் பெயருக்கு ரசீது கொடுங்கள்; பட்டு தருகிறேன்.

"ஜெயில்ல போட்டுட்டாங்கன்னா?" என்று மனைவி அம்சம் பயந்தாள்.

"போடட்டும். தலையில கட்டிவிட்டது யாருன்னு கோர்ட்டுல கேப்பாங்கல்ல? அங்க வந்து சொல்லட்டும்."

வழக்கு வரவில்லை. மூன்றாவது கடிதம் வந்தது. உறைக்குள் வணக்கம்கூட இல்லை. ஒரு ரசீது மட்டும். எண் 87. தலைக்கட்டு வரி ரூ. 1,000. நல்லக்கண்ணு, தெற்குத் தெரு. அமிர்தலிங்கம் கையெழுத்துப் போட்ட இடத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. பணமும் பட்டும் அன்றே கோயிலுக்குப் போயின.

கடிதம் வந்த தேதி 9.5.2025. மறுநாள் காப்புக் கட்டு.