இன்சுலினுக்கு நடுவில் ஒரு ஆள்

போன புதன்கிழமை என் மச்சானைக் கம்பத்திலிருந்து தேனிக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். திராட்சை வியாபாரி. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் — ஞாபகம் வந்தால்.

திராட்சை வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலுக்குள் குனிந்து போய், குலையின் நுனிப் பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்ப்பார்கள். நுனிதான் கடைசியில் இனிக்கும். அது இனித்தால் குலை முழுக்க இனிப்பு, விலை பேசலாம். மச்சான் ஒரு காலையில் நாலைந்து தோட்டம் பார்ப்பார். தோட்டத்துக்கு எத்தனை பழம்? கேட்கக்கூடாது. "அது தொழில் மாப்ள, திங்கிறதுல சேராது" என்பார்.

டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விழித்திரையில் ரத்தக் கசிவு. உடனே லேசர் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்றார். மச்சான் பவ்யமாகத் தலையாட்டினார்.

வீட்டு வாசலிலேயே அக்கா கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாக?"

"சொட்டு மருந்து போடச் சொன்னாக. வேற ஒண்ணுமில்ல."

கூடவே எனக்கு ஒரு முறைப்பு. அந்த முறைப்பில் பார்வைக் குறைபாடு எதுவும் தெரியவில்லை.

அக்கா மகள் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. லீவுக்கு வந்திருந்தாள். சர்க்கரை நோயில் மைக்ரோ ஆர்என்ஏவுக்கு என்ன வேலை என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, சாப்பிடும்போது மச்சானே ஆரம்பித்தார். "ஆத்தா, நீ என்ன படிக்கிறேன்னு மாமாவுக்குச் சொல்லு."

சொன்னாள். செல்லுக்குள் ஜீன்தான் முதலாளி. இன்ன சரக்கு தயாராகட்டும் என்று அது செய்தி அனுப்பும். அந்தச் செய்தியை வழியிலேயே மறித்து அமுக்கிவிடும் துக்கடா சமாச்சாரம்தான் மைக்ரோ ஆர்என்ஏ. அளவோடு அமுக்கினால் உடம்புக்கு நல்லது. சில வகை கூடினாலோ குறைந்தாலோ, இன்சுலின் வேலையே தடுமாறிவிடும். ரத்தத்தில் இதை அளந்து நோயை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா மாப்ள! மொதலாளி சொல்லிவிட்டது வேல நடக்குற எடத்துக்குப் போய்ச் சேரல. நடுவுல ஒருத்தன் அமுக்கிப்புடுறான். இதுல என் தப்பு எங்கன இருக்கு?"

முன்பு தலையெழுத்து. அப்புறம் பரம்பரை. இப்போது மைக்ரோ ஆர்என்ஏ... விஞ்ஞானம் வளர வளர நம் சாக்குகளும் வளர்கின்றன. நுனிப் பழத்தின் மேல் மட்டும் யாரும் கேஸ் போட்டதில்லை.

அக்கா நிம்மதியாக ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஆத்தா," என்றேன் அவள் மகளிடம். "டாக்டர் சொன்ன சேதிய வீட்டுக்கு வர விடாம நடுவுல ஒருத்தர் அமுக்குனா, அவருக்கு என்ன பேரு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரசத்தைப் பார்த்தார்.

"மாமா, டாக்டர் என்ன சொன்னாக?"

சொல்லிவிட்டேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். போனை எடுத்து என் கையில் கொடுத்து, லேசருக்கு நாள் கேட்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை லேசர் முடிந்தது. நல்லவேளை, நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். கறுப்புக் கண்ணாடியோடு படியிறங்கிய மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒன்னைய அமுக்க மறந்துட்டேன் மாப்ள."