ஒரு தட்டு அதிகம்

டிரைவர் இருந்தார். ஓவர்சியர் இருந்தார். கடப்பாரையோடு நான்கு ஆட்கள் இருந்தார்கள். ஃபிட்டர் நான் இருந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கம் அணைக்கட்டு வேலை. புல்டோசரின் வலது செயின் மூன்றாம் முறையாகக் கழன்று கிடந்தது.

ஓசூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். ஒல்லியான ஆள், காதில் நரைமயிர். ஓவர்சியர் அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. வந்தவர் உட்காரவில்லை. இரண்டு செயின்களிலும் இரும்புத் தட்டுகளைத் தொட்டுத் தொட்டுத் தெலுங்கில் எண்ணினார்.

"எண்ணினா செயின் ஏறிக்குமா?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள்.

அவர் என் காதருகே குனிந்தார். "இதுல ஒண்ணு சாஸ்தி மேஸ்திரி. அதான் தொளதொளன்னு கழலுது. நீ போட்டதா?"

போன முறை செயின் முனைகளை இணைக்கும் ஆணி இறங்கவில்லை என்று நான்தான் ஒரு தட்டைச் சேர்த்திருந்தேன். தலையாட்டினேன்.

"மண்ணு அடைச்சிருக்குது சார்" என்று ஓவர்சியரிடம் சொல்லி, எல்லாரையும் டீக்கு அனுப்பிவிட்டு அந்தத் தட்டைக் கழற்றிச் செயினை ஏற்றினார். காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

அவர் போனபின் நானே எண்ணினேன். இடது முப்பத்தாறு. வலது முப்பத்தாறு.