காலண்டரில் வந்த முகம்

என் அத்தை மகளை ஊரைவிட்டுத் துரத்தியவர் நீங்கள்தான். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவுவதாக மேடைக்கு மேடை பேசும் அறக்கட்டளைத் தலைவரே, உங்களைத்தான் சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அவளுக்கும் ஒன்பதுதான். மாமா செத்த பிறகு அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். தினமும் அவளுக்கு ஒரு முட்டை, எனக்குக் கிடையாது. மாதம் ஒருநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அத்தையோடு பஸ் ஏறிக் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போவாள். வரும்போது உங்கள் டிரஸ்டில் கொடுத்த சத்துமாவு, கடலை மிட்டாய். ஒருமுறை எட்டு மணிக்குக் கூவும் கைக்கடிகாரம்கூட வந்தது. மாத்திரை போட ஞாபகப்படுத்துமாம். எனக்கும் மாத்திரை வேண்டும், என்னையும் டிரஸ்டில் சேர்த்துவிடுங்கள் என்று தரையில் புரண்டு அழுதேன். அதுவரை என்னை அடித்தறியாத அம்மா கன்னத்தில் அறைந்தாள்.

“அடிக்காதீங்க அண்ணி. அதுக்கு என்னா தெரியும்?” என்று அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சிதம்பரத்தில் நீங்கள் நடத்திய விழாவுக்கு என்னையும் கூட்டிப்போனாள். கல்யாண மண்டபம், சாம்பார் சாதம், ஐஸ்கிரீம். பிறகு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புத்தகப்பை கொடுத்தீர்கள். பட்டியலில் என் பெயர் இல்லை. அவளுக்கு ஊதா நிறத்தில், மூன்று ஜிப் வைத்த பை. போட்டோ எடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். அவள் பையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். என்னிடம் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

“பாப்பா, மூஞ்சிய காட்டு. பணம் குடுத்தவுங்க பாக்கணும்ல” என்றீர்கள். அவள் அசையவில்லை. நான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்து இழுத்தேன்.

“விடுடி, மூஞ்சி தெரியும்.”

“தெரிஞ்சா என்னாடி? பெரிய அழகி.”

பை என் கைக்கு வந்தது. பிளாஷ் அடித்தது. நீங்கள் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

பொங்கலுக்குமுன் காலண்டர் வந்தது. எங்கள் ஊர் மளிகைக்கடையிலும் மாட்டினார்கள். மேலே உங்கள் படம். நடுவில் நேராகப் பார்க்கும் அவள் முகம், ஓரத்தில் என் கை. எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகள் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்பா கடைக்காரரிடம் கெஞ்சி அதைக் கழற்றி வாங்கி வருவதற்குள் தெருவே பார்த்துவிட்டது. ஒரே வாரத்தில் அவள் பெஞ்சில் அவள் மட்டும். பிறகு தாய்மார்கள் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் அனுப்புங்கள் என்றார் தலைமையாசிரியர். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

கடைசியில் நீங்களே அவளைக் கடலூரில் உங்கள் விடுதியில் சேர்த்துக்கொண்டீர்கள். பெட்டியோடு அவள் பஸ் ஏறியபோது நான் கையசைக்கவில்லை. தினமும் கடல் பார்க்கப் போகிறாளே என்று எனக்கு எரிந்தது. அவள் ஏன் அழுகிறாள் என்று விளங்கவில்லை. இன்றுவரை அவள் கீரப்பாளையத்தில் கால் வைக்கவில்லை.

இந்த வருடக் காலண்டரும் வந்திருக்கிறது. அதிலும் பிள்ளைகளின் முகங்கள். எனக்கு அன்று ஒன்பது வயது, ஒன்றும் தெரியாது. உங்களுக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. எந்தத் தாயைக் கேட்டு அச்சடித்தீர்கள்? அடுத்த விழாவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கில் பதில் சொல்லுங்கள்.