கன்னத்தை ஆட்டிய கை

இது கட்டிய கதை இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது என் வாயில். எனக்குத் தெரியும்.

நான் குடோனில் மூட்டை தூக்குகிறவன். கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, வீக்கம் கண் வரை ஏறிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். பல்லைப் பிடுங்குவதில் எனக்குப் பயமில்லை. அதற்கு முன் ஈறு மரத்துப்போகப் போடுவார்களே ஒரு ஊசி, அதுதான் பயம். இரண்டு முறை நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறேன்.

மூன்றாம் முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல். சுவர்க் கடிகாரத்தில் 1.20. உதவிக்கு இருக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். பல் டாக்டர் மட்டும்தான்.

ஊசியை ஒரே அழுத்தாக அழுத்தினார். உச்சந்தலை வரை சுரீரென்றது. கையைத் தூக்கினேன்.

"கையக் கீழ விடுப்பா. மூட்டை தூக்குற உடம்பு, இது தாங்காதா?"

அவர் மணிக்கட்டைப் பிடித்து ஊசியை வெளியே எடுக்க வைத்தேன்.

"தூக்குறது முதுகு சார். இது ஈறு. வலிச்சா கையத் தூக்கச் சொல்லி நீங்கதான சுவத்துல எழுதி மாட்டியிருக்கீங்க? நாப்பத்தாறு வயசுல எழுத்துக்கூட்டப் படிச்சவன் நான். அதப் படிச்சிட்டுத்தான் உட்கார்ந்தேன்."

"ரொம்பத் துள்ளுறியே."

"கோணி ஊசி மாதிரி குத்துனா மூட்டையே துள்ளும் சார். மெதுவா போடுங்க. இல்லன்னா எழுந்து போயிடுவேன்."

முறைத்தார். மறுபடி ஊசியை எடுத்தார். மணி 1.26.

அப்போதுதான்... என் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. உதவிக்காரப் பெண் திரும்பிவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு விரல்கள் என் கன்னத்தைப் பிடித்து மெல்ல ஆட்டின. ஐஸ் மாதிரி விரல்கள். ஆட்ட ஆட்ட, ஊசி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

காதோரம் ஒரு பெண் குரல்.

"எண்ணுங்கண்ணே... மெதுவா... ஒண்ணு..."

குரல் கேட்டது. மூச்சுக்காற்று படவில்லை.

ரெண்டு... மூணு...

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் ஆள் நிற்க இடமே இல்லை.

நாலு... அஞ்சு...

டாக்டர் ஊசியை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது என்னையல்ல. என் தலைக்கு மேலே.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. யாராக இருந்தால் என்ன? 'தாங்கிக்கோ' என்று சொல்லாத முதல் ஆள்.

ஒம்பது...

"பத்து" என்றது அதே குரல்.

கை போய்விட்டது.

வலி?

துளியும் இல்லை.

1.45. டங்கென்று பல் தட்டில் விழுந்தது.

அடுத்த செவ்வாய் புண்ணைக் காட்டப் போனேன். உதவிக்காரப் பெண்ணிடம், "அன்னைக்குக் கன்னத்தைப் பிடிச்சியேம்மா, நல்லாயிரு" என்றேன்.

"நான் வரும்போது மணி ரெண்டுண்ணே. என்னைத் தவிர வேற பொண்ணுங்க யாரும் இங்க வேலை பார்த்ததே இல்லையே."

பிறகு, உள்ளறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னையிலருந்து டாக்டர் எல்லாருக்கும் மெதுவாத்தான் ஊசி போடுறாருண்ணே. வாய்விட்டு எண்ணிக்கிட்டே போடுறாரு. ஆனா ஒம்பதோட நிறுத்திடுறாரு..."

"ஏன்?"

"பத்து மட்டும்... அவர் சொல்லாமலே கேக்குது."