கிராணியம்மாவுக்குப் பின்னால் ஒரு காலி வண்டி

மலாயாவில், செமோர் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தில் நடக்காமல் இருக்கும் உரிமை மூன்று பேருக்கு இருந்தது. வெள்ளைக்காரத் துரை மோட்டாரில் போவார். துரையின் நாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகும். மூன்றாவது ஆள், ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி ஆம்புரோஸின் மனைவி பியாட்ரிஸ். அவள் எங்கும் போவதே இல்லை.

1925-ஆம் வருடம். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் எல்லாருக்கும் அவசரம், அவளைத் தவிர. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீடு மேட்டின் நடுவில் இருந்தது. கீழே தொழிலாளர் லயத்துக்கு இறங்கினால் மரியாதை போகும். மேலே துரை பங்களாவுக்கு ஏறினால் புருஷன் வேலை போகும். எந்த ஜன்னலைத் திறந்தாலும் நிரை பிடித்து நிற்கும் ரப்பர் மரங்கள். "கொடுத்து வச்சவங்க, உக்காந்த எடத்துல சோறு" என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முத்தம்மா பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு மேட்டு வீட்டுக்குக் கேட்டிருந்தால் அங்கிருந்தும் ஒன்று கிளம்பியிருக்கும்.

அந்த மழைக்காலத்தில் பியாட்ரிஸ் தினமும் காலையில் தன் தகரப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தாள். சேலைகள், ஜெபமாலை, ஒரு தம்ளர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் ஆம்புரோஸ், "எங்க கிளம்புற?" என்று கேட்பார். "எங்கேயும் இல்லீங்க" என்பாள். சாயங்காலம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவாள். பிறகு தூக்கம் போயிற்று, சோறு போயிற்று, கடைசியில் அந்த 'எங்கேயும் இல்லீங்க'வும் போயிற்று.

தொழிலாளர் காய்ச்சலைப் பார்க்க ஈப்போவிலிருந்து வரும் டாக்டர் பெர்னார்ட் அவளுடைய நாடியைப் பிடித்தார்.

"மருந்து வேணாம். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. வெளிக்காத்து படட்டும். ஈஸ்டருக்குள்ள தெளியலைன்னா தஞ்சோங் ரம்புத்தான்தான்."

பேராவில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் மனநோய் மருத்துவமனை என்று பொருள். ஆனால் ஆம்புரோஸ் கலங்கியது முதல் பாதியைக் கேட்டுத்தான்.

"நடக்கிறதா, டாக்டர்? கூலியாளுங்கதான் நடப்பாங்க. எம் பெண்சாதி ரோட்டுல நடந்தா, கிராணிக்கு வேலை போச்சுன்னு பேசிக்குவாங்களே!"

ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உத்தரவுகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றுவது கிராணி வேலையின் சாரம். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பியாட்ரிஸ் நடப்பாள், பின்னாலேயே தோட்டத்து மாட்டுவண்டி காலியாக வரும். பார்க்கிறவர்களுக்கு, வண்டி இருந்தும் நடக்கிறாள் என்பது விளங்க வேண்டும். மாட்டின் கழுத்தில் வெண்கல மணி. ஆபீஸில் உட்கார்ந்தே மனைவியின் ஆரோக்கியத்தை அவர் காதால் கேட்கலாம்.

முதல் நாளே முத்தம்மா மரத்தடியிலிருந்து வண்டிக்காரனைக் கூப்பிட்டாள். "ஏன்லா சீனி, நீ மாட்ட ஓட்டுறியா, அம்மாவ ஓட்டுறியா?"

"எனக்கே தெரியலக்கா. ரெண்டையும் பத்திரமாக் கொண்டாரச் சொன்னாரு அய்யா."

பியாட்ரிஸ் வேகமாக நடந்தால் மணி வேகமாக வந்தது. மெதுவாக நடந்தால் மெதுவாக வந்தது. நின்றால் மாடு அவள் தோளில் மூச்சு விட்டது. வீடு திரும்பியதும் பெட்டியை அடுக்கினாள். நடை என்பது வெள்ளைக்காரர் உடம்புக்குத்தான் பிடிக்கும் என்று ஆம்புரோஸ் மாதா கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவைத்தார்.

ஒரு காலை, ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில் அவள் நின்றாள். பல நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"சீனி, அந்த மணியக் கழட்டிடேன்."

"ஐயையோ! மணி நின்னா அய்யா ஆள் அனுப்பிருவாரும்மா."

"அப்ப மணி போகட்டும். நீ புகைக் கொட்டகையச் சுத்திட்டு இங்கயே வா. நான் இந்தப் பக்கமாப் போய் வாரேன்."

"என்னைத் தொலைச்சுப்புடுவாரும்மா."

"ஈஸ்டருக்கு என்னைத் தொலைக்கப் போறாரு. யாரு முந்துறோம்னு பாப்போம்."

சீனி சுருட்டைப் பற்ற வைத்தான். சம்மதத்தை அவன் அப்படித்தான் தெரிவிப்பது வழக்கம்.

அவள் மரங்களுக்குள் நடந்தாள். நிரை திடீரென்று முடிந்தது. சீனர்கள் ஈயம் தோண்டிவிட்டுப் போன குளம், பச்சைத் தண்ணீர். எதிரே வெள்ளையாக ஒரு சுண்ணாம்பு மலை. இந்த ஊரில் இவ்வளவு வானம் இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அன்று மத்தியானம் இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கினாள்.

சில நாளில் முத்தம்மா அவளை மரங்களுக்கிடையில் மடக்கினாள்.

"நடந்தா மனசு லேசாவுமாமேம்மா? இருட்டுல பெரட்டுக்கு நின்னு பேரு குடுத்துட்டு, மரம் மரமா நான் நடக்கிறேன். எம் மனசு இந்நேரம் பஞ்சாப் பறந்திருக்கணுமே?"

"உனக்குப் பின்னால கங்காணி வாராருல்ல?"

"ஆமா."

"எனக்குப் பின்னால மாடு வந்துச்சு. அப்ப எனக்கும் பறக்கல."

"மாடு தேவலம்மா. அது ஏசாது!"

இருவரும் சிரித்தார்கள். தோட்டம் முழுவதற்கும் விஷயம் தெரிந்தது. ஆபீஸுக்கு மட்டும் மணி கேட்டது.

ஈஸ்டருக்கு முன்வாரம் டாக்டர் வந்தார். தகரப் பெட்டி கட்டிலுக்கடியில் காலியாக இருந்தது. "காப்பி குடிக்கிறீங்களா, டாக்டர்?" என்று பியாட்ரிஸ் கேட்டாள். அவருக்கு அதற்கு மேல் பரிசோதனை தேவைப்படவில்லை.

"எல்லாம் அந்த வண்டியால வந்த சுகம்" என்றார் ஆம்புரோஸ். "இனி நடை வேணாம்தானே, டாக்டர்? வண்டிக்கும் ரப்பர் ஷீட்டு ஏத்துற வேலை கெடக்கு."

"சுகமானவங்களுக்கு மருந்து எதுக்கு?" என்று டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஆகவே முழு நோய் என்றால் தஞ்சோங் ரம்புத்தான். முழு சுகம் என்றால் ஜன்னல். மறுநாள் மணிச் சத்தம் ஷீட்டுகளோடு செமோர் பக்கம் போவதைப் பியாட்ரிஸ் ஜன்னலில் நின்று கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த மத்தியானம் ஆம்புரோஸ் வந்தபோது தகரப் பெட்டி திறந்திருந்தது. பாதிச் சேலைகள் உள்ளே, பாதி கட்டிலில்.

"எங்க கிளம்புற?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"எங்கேயும் இல்லீங்க."

அவர் சாப்பிடாமல் வெளியே போய்ச் சீனியைக் கூப்பிட்டார்.

சாயங்காலம், ரோடு பிரியும் இடத்தில் சீனி தயங்கினான். "அம்மா, நெசமாவே திரும்பவும் சொகமில்லையா?"

"பாதிதான், சீனி. மீதியும் போகாமப் பாத்துக்கிறேன்." அவள் செருப்பைக் கழற்றினாள். "நீ போ. மணி நின்னுட்டா ஆள் வந்துரும்."